பாதை எப்படி இருக்கு? எத்தனை மணிக்கு?

பனிக்காலத்தில் மலையேறப் போகிறவர்கள், போய்வந்தவர்களிடம் முதலில் கேட்பது இந்த ஒன்றைத்தான்: "பாதை எப்படி இருக்கு?" கேட்கப்பட்டவரும் நல்லெண்ணத்தோடுதான் பதில் சொல்வார். "நல்லா மிதிபட்டுக் கெட்டியா இருக்கு, தைரியமா போங்க" என்பார் ஒருவர். அதே நாளில் அதே பாதையில் இறங்கி வந்த இன்னொருவர், "தொடை வரைக்கும் உள்ள போகுது, வேண்டாம்" என்பார். இரண்டு பேரும் உண்மையைத்தான் சொல்கிறார்கள். முதலாமவர் காலை ஏழு மணிக்கு அந்தச் சரிவைக் கடந்தவர். இரண்டாமவர் மதியம் இரண்டு மணிக்கு.

கோடையில் மலைப்பாதை என்பது மண்ணும் கல்லும் வேரும். போன வாரம் போனவர் சொன்னது இந்த வாரத்துக்கும் செல்லும். பனிக்காலத்தில் நம் கால் மண்ணைத் தொடுவதே இல்லை. விழுந்த பனி, அதை நகர்த்திய காற்று, அதை இளக்கிய வெயில், திரும்ப இறுக்கிய இரவு, மிதித்துப் போன கால்கள் எல்லாம் சேர்ந்து செய்து வைத்த ஒன்றின்மேல்தான் நடக்கிறோம். அது மணிக்கு மணி மாறுகிறது. அதனால் நேரத்தைச் சொல்லாத பாதைத் தகவலை நான் பாதித் தகவலாகத்தான் எடுத்துக்கொள்கிறேன். வானிலை முன்னறிவிப்பைவிட, முந்தைய மூன்று நாள் என்ன நடந்தது என்பதை அதிகம் விசாரிக்கிறேன்.

பனி எப்படி விழுந்தது என்பதிலிருந்தே விஷயம் தொடங்கிவிடுகிறது. ஜப்பானிய இயற்பியலாளர் உகிச்சிரோ நகாயா 1936-ல் ஹொக்கைடோ பல்கலைக்கழகத்தில், ஒரு முயல் ரோமத்தின்மேல் செயற்கையாகப் பனிப்படிகத்தை வளர்த்துக் காட்டினார். வெப்பநிலையும் ஈரமும் மாறும்போது படிகத்தின் உருவமும் மாறுவதை அவருடைய ஆய்வு வரிசைப்படுத்திக் காட்டியது. மைனஸ் 5 டிகிரியை ஒட்டி ஊசிகள் வளர்கின்றன. மைனஸ் 15-ஐ ஒட்டி, ஆறு கிளையோடு விரியும் நட்சத்திரங்கள் வளர்கின்றன. நடக்கிறவருக்கு இது வெறும் அழகு சமாச்சாரம் இல்லை. கிளைவிட்ட படிகங்கள் ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டு, நடுவில் நிறையக் காற்றைப் பிடித்துவைத்துக்கொள்ளும். அப்படிப்பட்ட புதுப்பனி 10 சென்டிமீட்டர் விழுந்தால், உருக்கிப் பார்க்கும்போது ஏறத்தாழ 1 சென்டிமீட்டர் தண்ணீர்தான் தேறும். அதில் கால் வைத்தால் தாங்குவதற்கு அங்கே ஒன்றுமே இல்லை.

மிதித்தால் கதை மாறுகிறது. படிகங்கள் உடைகின்றன, காற்று வெளியேறுகிறது, துகள்கள் நெருங்கி ஒன்றையொன்று தொடுகின்றன. தொட்ட இடங்களில் மெல்ல மெல்ல ஒட்டி உறைகின்றன. இது மிதித்த கணத்தில் முடிந்துவிடுகிற வேலை இல்லை. சில மணி நேரம் எடுக்கும், ஓர் இரவு கிடைத்தால் நன்றாகவே முடியும். அதனால்தான் முதல் நாள் வழி போடுகிறவர் முழங்கால் அளவு பனியில் மூச்சு வாங்குகிறார். மறுநாள் அதே தடத்தில் வருகிறவர் அலுங்காமல் நடந்து போகிறார்.

இதை ஒரு மலைமுகட்டில் கண்ணெதிரே பார்த்தேன். இரவெல்லாம் அடித்த காற்று, மிதிபடாத தளர்ந்த பனியைச் சீவிக்கொண்டு போயிருந்தது. முந்தைய நாள் யாரோ வைத்த காலடிகள் மட்டும் அப்படியே மிஞ்சியிருந்தன, பள்ளமாக இல்லை, மேடாக. ஒவ்வொன்றும் தரையிலிருந்து நாலு விரற்கடை உயரத்தில் தனித்தனியாக நின்றது. காலணியின் அடிப்பக்க வரிகள்கூட ஓரத்தில் தெரிந்தன. குனிந்து கம்பின் முனையால் தட்டினால் டக் டக்கென்று கெட்டியான சத்தம். அந்த ஆள் போன திசையும், அவர் எங்கே தயங்கி நின்றார், எங்கே அடி எடுத்து வைக்க இடம் தேடினார் என்பதும் வரிசையாக எழுதி வைத்த மாதிரி இருந்தது. நெடுநேரம் அந்த இடத்தைவிட்டு நகர மனம் வரவில்லை.

இதே காரணத்தால், நிறையப் பேர் நடக்கும் பாதைகளில் பனிக்காலத்தின் கடைசிப் பகுதியில் ஒரு வினோதம் நடக்கும். மிதிபட்டு இறுகிய தடம் எளிதில் உருகாது. இரு பக்கமும் இளகி அமுங்கிப் போக, நடுவில் ஓரடி அகலத்துக்கு ஒரு வரப்பு மட்டும் எழும்பி நிற்கும். அதன்மேல் நடக்கிற வரை சுகம். எதிரே வருகிறவருக்கு வழிவிட ஓர் அடி பக்கவாட்டில் எடுத்து வைத்தால் ஒரு கால் இடுப்பு வரை உள்ளே, மற்றக் கால் மேலே. முழங்கால் திருகிக்கொள்வது இப்படிப்பட்ட இடங்களில்தான். ஒதுங்குவதற்கு முன் கம்பை ஊன்றிப் பார்ப்பது நல்லது. மரத்தை ஒட்டியும் பெரிய பாறையை ஒட்டியும் பனி எப்போதும் பொள்ளலாகவே இருக்கும். கிளைகள் தாழ்ந்த ஊசியிலை மரத்தின் அடியில் தளர்ந்த பனி நிறைந்த ஆழக்குழி இருக்கக்கூடும். தலைகீழாக விழுந்தால் தானாக வெளியே வர முடியாத குழி அது.

கால் புதையப் புதைய நடப்பதைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இதில் எனக்கு அழுத்தமான கருத்து உண்டு. இளகிய பாதையில் ஸ்னோஷூ (பனியில் கால் புதையாமல் இருக்கக் காலணிக்கு அடியில் மாட்டும் அகலமான சட்டம்) இல்லாமல் ஒரு குழு நடந்து போனால், பின்னால் நூற்றுக்கணக்கான குழிகள் மிஞ்சும். இரவில் அவை உறைந்துவிடும். மறுநாள் காலை வருகிறவருக்கு அது நடைபாதை இல்லை, கணுக்கால் ஒடிக்கும் பொறி. மேலே புதுப்பனி நாலு விரற்கடை மூடிவிட்டால் கண்ணுக்கும் தெரியாது. நம் வசதிக்குத் தேவைப்படாவிட்டாலும், பின்னால் வருகிறவருக்காக ஸ்னோஷூ மாட்டிக்கொள்ள வேண்டிய நாட்கள் உண்டு. மாட்ட ஸ்னோஷூ இல்லையென்றால், பாதை இளகும் முன் இறங்கிவிட வேண்டும். பனிப்பாதையைப் போட்டது நமக்கு முன்னால் போனவர்களின் உழைப்பு. அதைக் குலைத்துப் போட நமக்கு உரிமை இல்லை.

இனி, ஒரு நாளின் மணிக்கணக்கு. இரவில் பனிப்பரப்பு தன் வெப்பத்தை வானத்துக்கு விட்டுக்கொண்டே இருக்கும். மேகம் இல்லாத இரவு என்றால் அந்த வெப்பம் தடையில்லாமல் போய்விடும். காற்றின் வெப்பநிலை சுழிக்கு ஒன்றிரண்டு டிகிரி மேலே இருந்தால்கூட, பனியின் மேற்பரப்பு உறைந்து ஓடு கட்டிக்கொள்ளும். மேகம் மூடிய இரவு என்றால் இது நடக்காது. விடிந்தபோதும் பனி சொதசொதவென்றே இருக்கும். ஆகவே அதிகாலையில் வெளியே வந்ததும் நான் வெப்பமானியைப் பார்ப்பதற்கு முன், இரவு நட்சத்திரம் தெரிந்ததா என்று விழித்திருந்தவரிடம் கேட்டுவிடுவேன். தெரிந்தது என்றால் கெட்டியான பாதை சில மணி நேரத்துக்கு உத்தரவாதம். அந்தச் சில மணி நேரத்தை வீணாக்கக் கூடாது.

வெயில் ஏற ஏற ஓடு இளகும். முதலில் கிழக்கு முகம், பிறகு தெற்கு, பிறகு மேற்கு. பூமத்திய ரேகைக்கு வடக்கே இருக்கும் மலைகளில் வடக்கு முகம் நாளெல்லாம் நிழலிலேயே கிடக்கும். அங்கே வாரக்கணக்காகத் தூளாகவே இருக்கும் பனியும் உண்டு. ஒரே பாதை மலையைச் சுற்றிப் போகும்போது அரைமணி நேரத்துக்குள் கண்ணாடிபோல் வழுக்கும் ஓடு, ஈரச் சகதி, உலர்ந்த தூள் மூன்றையும் கடக்க நேரும். ஒவ்வொரு திருப்பத்திலும் கால் வேறு விதமாகப் பேசும். மைனஸ் 10-க்குக் கீழே குளிர்ந்த பனி காலடியில் கீச்சிடும். சுழியை நெருங்கிய பனி சத்தமே போடாமல் அமுங்கும். அந்தக் கீச்சொலி நிற்கிற இடத்தை நான் கவனித்துக்கொண்டே நடப்பேன்.

ஐஸ் வேறு விஷயம். பாதையில் குறுக்கே ஓடும் ஊற்றுநீர் உறைந்து, அதன்மேல் மறுபடி வழிந்து, மறுபடி உறைந்து, அடுக்கடுக்காகக் கட்டிக்கொள்ளும். வெளுப்பாக இருக்கும் ஐஸில் காற்றுக்குமிழ் அதிகம், காலணியில் மாட்டிய முள் கொஞ்சம் எளிதாக இறங்கும். நீலமும் சாம்பலும் கலந்து தெரிவது அடர்ந்தது, எதையும் எளிதில் உள்ளே விடாது. சங்கிலியில் சிறு முட்கள் கோத்த மைக்ரோஸ்பைக், மிதிபட்ட பாதைக்கும் சாய்வு குறைந்த ஐஸுக்கும் போதும். சரிவு செங்குத்தாகத் தொடங்கிவிட்டால் அது போதவே போதாது. அங்கே வேண்டியது விறைப்பான காலணியும், காலணிக்கு அடியில் மாட்டும், முன்முட்கள் வைத்த கிராம்பான் என்ற முள்சட்டமும், கையில் ஐஸ் கோடரியும். மைக்ரோஸ்பைக் போட்டவர்கள் அந்தத் தைரியத்திலேயே அடுத்த சரிவுக்கும் போய்விடுவதைப் பார்க்கும்போது எனக்கு வயிற்றைக் கலக்கும். கெட்டியான பனி மூடிய சரிவில், வழுவழுப்பான மேல்சட்டையோடு விழுந்தவர் சில நொடிகளில் தடுக்க முடியாத வேகம் எடுத்துவிடுவார். கோடரியைப் பனியில் குத்தி நிறுத்தும் வித்தையை, கீழே ஆபத்தில்லாமல் சமதளமாக முடியும் ஒரு சிறு சரிவில், தெரிந்தவர் ஒருவரோடு திரும்பத் திரும்பப் பழகியிருக்க வேண்டும். விழும்போது யோசிக்க அவகாசம் இருக்காது. பழகாதவர் கையில் கோடரி வெறும் சுமை, சில சமயம் கூரான அபாயம்.

காற்று இதையெல்லாம்விட எனக்குப் பெரிய விஷயம். வெப்பநிலையை மட்டும் பார்த்துப் புறப்படுகிறவர்கள் ஏமாறுவது காற்றில்தான். பால் சைப்பிள், சார்ல்ஸ் பாசெல் என்ற இருவர் அன்டார்க்டிகாவில் ஒரு குளிர்கால இருட்டில், பிளாஸ்டிக் உருளையில் தண்ணீர் வைத்து, எந்தக் காற்றில் எவ்வளவு வேகமாக உறைகிறது என்று அளந்தார்கள். 1945-ல் வெளியான அந்த அளவீடுகள்தான் காற்றுக்குளிர்க் கணக்குக்கு அடித்தளம். 2001-ல் அமெரிக்காவும் கனடாவும் அதைத் திருத்தி, மனித முகத்தை வைத்துப் புதுச் சூத்திரம் கொண்டுவந்தன. அதன்படி மைனஸ் 10 டிகிரியில் மணிக்கு 10 கிலோமீட்டர் காற்று வீசினால் தோலுக்கு அது மைனஸ் 15. அதே மைனஸ் 10-ல் 40 கிலோமீட்டர் காற்று என்றால் மைனஸ் 21. காட்டுக்குள் நடக்கும்போது முதல் கணக்கு. மரவரிசை முடிந்து முகட்டில் தலைகாட்டிய நிமிடமே இரண்டாவது கணக்கு. காற்றுக்குளிர் மைனஸ் 28-ஐத் தொட்டால், மூடாத தோல் 10 முதல் 30 நிமிடத்துக்குள் உறையலாம் என்று கனடாவின் எச்சரிக்கை அட்டவணை சொல்கிறது. ஆகவே மரங்களின் மறைவு முடிவதற்குள்ளேயே நின்று, காற்றுத்தடுப்புச் சட்டையை மாட்டி, முகமூடியை இழுத்துவிட்டு, கண்ணாடி போட்டு, கையில் கனத்த உறை ஏற்றிக்கொண்டுதான் வெளியே வர வேண்டும். முகட்டுக்குப் போன பிறகு ஜிப்பை இழுப்பதற்கே விரல் ஒத்துழைக்காது.

அப்படி ஒரு முகட்டில், எனக்கு முன்னால் நடந்த அக்கா ஏதோ சொல்லத் திரும்பினார். வலது கன்ன எலும்பின்மேல் ஒரு ரூபாய் நாணய அளவுக்கு வெளுப்பு. சுற்றிலும் சிவந்திருந்த தோலுக்கு நடுவில் அது மெழுகு நிறத்தில் தனியாகத் தெரிந்தது.

"அக்கா, கன்னம் வெளுத்திருக்கு. வலிக்குதா?"

"முன்னாடி எரிச்சலா இருந்துச்சுப்பா. இப்ப ஒண்ணும் தெரியல, சரியாப் போச்சு."

அந்த "ஒண்ணும் தெரியல" என்பதுதான் அஞ்ச வேண்டிய பதில். வலி நிற்பது குளிர் தோற்றதால் இல்லை, நரம்பு ஓய்ந்ததால். பாறை மறைவுக்கு இழுத்துக்கொண்டு போய், உறைக்குள்ளிருந்த வெறும் உள்ளங்கையை அந்த இடத்தில் வைத்து அழுத்தாமல் பிடித்துக்கொண்டேன். தேய்க்கவில்லை. உறைந்த தோலைத் தேய்ப்பது, பனியை வைத்துத் தேய்ப்பது, இரண்டும் திசுவைக் கிழிக்கும் காரியம். சில நிமிடத்தில் குறுகுறுப்பு வந்து, பிறகு நன்றாக வலித்து, சிவப்பு திரும்பியது. மேலோட்டமான உறைவு என்பதால் இதோடு போயிற்று. ஆழமாக உறைந்த விரலையோ பாதத்தையோ மலைமேல் வைத்து இளக்க முயலக் கூடாது. இளகியது மறுபடி உறைந்தால் இழப்பு பல மடங்கு. குளிரிலிருந்து முழுதாக வெளியே வந்த பிறகு, 37 முதல் 39 டிகிரி வரையான வெதுவெதுப்பான நீரில், மருத்துவ உதவியோடு செய்ய வேண்டிய வேலை அது. தன் முகத்தைத் தானே பார்க்க முடியாது என்பதால், காற்றில் நடக்கும்போது கூட வருகிறவர் முகத்தை அடிக்கடி பார்ப்பது ஒவ்வொருவர் பொறுப்பு.

காற்று செய்யும் இன்னொரு வேலை கண்ணுக்கு இவ்வளவு தெளிவாகத் தெரியாது. முகட்டின் ஒரு பக்கத்துப் பனியை வாரி மறுபக்கத்தில் கொட்டும். வழியில் படிகங்கள் நொறுங்கிப் பொடியாகி, கொட்டிய இடத்தில் நெருக்கமாகப் படிந்து, ஒரு பலகையாக இறுகும். முகட்டின் விளிம்பில் அது வெளியே நீட்டிக்கொண்டு கூரையாகத் தொங்கும். மேலே நிற்கிறவருக்கு அது முகட்டின் தொடர்ச்சியாகத்தான் தெரியும். விளிம்பிலிருந்து சற்றுத் தள்ளி நின்றால் போதும் என்று நினைப்பார்கள். அந்தக் கூரை உடையும்போது நாம் எதிர்பார்ப்பதைவிட வெகுவாக உள்வாங்கி, சில சமயம் திடமான தரையின் பக்கமிருந்தே உடையும்.

இறுகிய பலகை ஒரு வலுவற்ற அடுக்கின்மேல் உட்கார்ந்திருக்கும்போதுதான் பனிச்சரிவு, அதாவது பனி மொத்தமாகப் பெயர்ந்து கீழே பாய்வது, தயாராகிறது. கனத்த பனிக்குக் கீழே தரை பெரும்பாலும் சுழி டிகிரியை ஒட்டியே இருக்கும். மேலே காற்று மைனஸ் 20 என்று வைத்துக்கொள்வோம். பனி ஆழம் குறைவாக இருந்தால் அந்தச் சிறு உயரத்துக்குள் இவ்வளவு வித்தியாசம். ஈரம் ஆவியாகி மேல்நோக்கி நகர்ந்து, வழியில் கோணக்கோணமான படிகங்களாகப் படியும். ஒன்றோடொன்று ஒட்டாது, கையில் அள்ளினால் சர்க்கரையாக உதிரும். இதன்மேல் புயல் கொண்டுவந்த பலகை ஏறினால், ஒரு மனிதனின் எடை போதும். உயிரிழப்பு நேர்ந்த பனிச்சரிவுகளில் பத்தில் ஒன்பது, சிக்கியவரோ அவருடைய குழுவில் ஒருவரோ கிளப்பிவிட்டவைதான். மலை தானாகத் தாக்குகிறது என்ற எண்ணத்தை மாற்றிக்கொண்டால், தடுப்பது நம் கையில் பெருமளவு இருப்பது புரியும்.

பெரும்பாலான பலகைச் சரிவுகள் 30 முதல் 45 டிகிரி வரையான சாய்வில் நடக்கின்றன. கண்ணால் பார்த்து 30 டிகிரியை யாரும் சரியாகச் சொல்லிவிட முடியாது, எல்லோரும் தப்பாகத்தான் மதிப்பிடுவோம். கைபேசியிலேயே சாய்வு அளக்கும் வசதி இருக்கிறது, கம்பைச் சரிவின்மேல் படுக்கவைத்து அதன்மேல் வைத்துப் பார்க்கலாம். நாம் நிற்கும் இடம் மட்டும் சாய்வு குறைவாக இருந்தால் போதாது. தலைக்கு மேலே என்ன இருக்கிறது என்றும் பார்க்க வேண்டும். கோடைப் பாதைகள் பல, பனிக்காலத்தில் போகவே கூடாத சரிவுகளின் அடிவயிற்றைக் குறுக்காகக் கடந்து போகும். வரைபடத்தில் கோடு இருக்கிறது என்பதற்காக அதிலேயே போக வேண்டியதில்லை, பனிக்காலத்துக்குத் தனி வழி இருக்கும்.

மலை தரும் சில அறிகுறிகள் மிகத் தெளிவானவை. பக்கத்துச் சரிவில் புதிதாக ஒன்று சரிந்து கிடப்பது. காலடியிலிருந்து விரிசல் ஓடுவது. நடக்கும்போது சுற்றியுள்ள பனி மொத்தமாக ஒரு விரற்கடை இறங்கி, வயிற்றுக்குள் கேட்கிற மாதிரி "உம்" என்று ஒரு கனத்த ஓசை எழுவது. அதை ஒருமுறை கேட்டவர்களுக்கு விளக்கம் தேவைப்படாது. அடியில் இருக்கும் வலுவற்ற அடுக்கு நொறுங்கும் ஓசை அது. சமதளத்தில் கேட்டதால் உயிரோடு நிற்கிறோம், சரிவில் கேட்டிருந்தால் அந்தச் சரிவே நம்மோடு வந்திருக்கும். அன்றைக்கு 30 டிகிரிக்கு மேற்பட்ட எதன் பக்கமும் போவதற்கில்லை.

பனிச்சரிவுக்கென்று ஐரோப்பிய நாடுகள் 1993-ல் ஒப்புக்கொண்ட ஐந்து படி அபாய அளவுகோல் இப்போது பல நாடுகளில் நடைமுறையில் இருக்கிறது. அதில் மூன்றாம் படியை நடுவில் இருப்பதால் 'மிதமானது' என்று மனம் எடுத்துக்கொள்கிறது. நான்கு, ஐந்து என்று அறிவித்தால் பெரும்பாலோர் வெளியே போவதில்லை. மூன்றில் போகிறார்கள். உயிரிழப்பில் பெரும்பங்கு மூன்றாம் படி நாட்களில்தான். என்னைக் கேட்டால், அனுபவம் குறைந்த குழுவுக்கு மூன்று என்பதே காட்டுக்குள், சாய்வு குறைந்த இடத்தில் நடந்துவிட்டு வரச் சொல்லும் எண். புதைந்தவரை முதல் 10 நிமிடத்துக்குள் வெளியே எடுத்தால் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். அரைமணி ஆகிவிட்டால் மூன்றில் ஒருவர்தான். மீட்புக்குழு எவ்வளவு திறமையானதாக இருந்தாலும் 10 நிமிடத்தில் மலைமேல் வந்து சேராது. ஆகவே காப்பாற்ற வேண்டியவர் பக்கத்தில் நிற்கிறவர்தான். புதைந்த இடத்தைக் காட்டிக்கொடுக்கும் சமிக்ஞைக் கருவி, துழாவும் நீள்கம்பு, மண்வாரி மூன்றும் ஒவ்வொருவரிடமும் இருக்க வேண்டும், மூன்றையும் கையாளப் பழகியிருக்க வேண்டும். சந்தேகமான சரிவை ஒவ்வொருவராகக் கடக்க வேண்டும், மற்றவர்கள் கண் அவர்மேலேயே இருக்க வேண்டும்.

வெளிச்சமும் ஏமாற்றும். மேகம் இறங்கினால் வானமும் தரையும் ஒரே வெண்மையாகி, நிழல் இல்லாமல் போய், அடுத்த அடி மேடா பள்ளமா என்பதே தெரியாது. நின்ற இடத்தில் தலை சுற்றும். அப்போது ஒரு பனி உருண்டையைப் பிடித்து முன்னால் எறிந்து, அது எங்கே விழுந்து எப்படி உருள்கிறது என்று பார்த்து அடி வைக்கலாம், அவ்வளவுதான் முடியும். தெளிந்த வானத்தில் தொல்லை வேறு மாதிரி. புதுப்பனி புற ஊதாக் கதிரில் 80 சதவீதம் வரை திருப்பி அனுப்பும். மூக்கின் அடிப்பக்கமும் தாடையின் அடிப்பக்கமும் கருகுவது அதனால்தான். கண்ணாடி இல்லாமல் நடந்தவருக்கு உடனே ஒன்றும் தெரியாது. இரவில்தான் கண்ணுக்குள் மணல் கொட்டிய எரிச்சல் தொடங்கும்.

உடம்பைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது, ஒன்றிரண்டு மட்டும். குளிரில் வியர்ப்பது எதிரி. புறப்படும்போது கொஞ்சம் குளிர்ந்தபடியே கிளம்பினால், பத்து நிமிட ஏற்றத்தில் சரியாகிவிடும். எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டு கிளம்பினால் உள்சட்டை நனைந்து, நின்ற இடத்தில் விறைத்துப் போவோம். பருத்தி ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் என்பதால் உடம்பை ஒட்டி அது கூடவே கூடாது, கம்பளியோ செயற்கை இழையோதான். தாகம் எடுத்தால் பனியை அள்ளி வாயில் போடுவது நல்ல யோசனை இல்லை. ஒரு கிலோ பனியை உருக்குவதற்கு மட்டும் ஆகும் வெப்பம், ஒரு கிலோ தண்ணீரை 0-விலிருந்து 80 டிகிரி வரை சூடாக்கும் வெப்பத்துக்குச் சமம். அவ்வளவையும் உடம்பு தன் கையிருப்பிலிருந்து கொடுக்க வேண்டும். தண்ணீர் பாட்டிலைப் பைக்குள் தலைகீழாக வைத்தால், மேலே மிதக்கும் ஐஸ் அடிப்பாகத்தில் கட்டிக்கொள்ளும், வாய் திறந்தே இருக்கும். கைபேசியும் ஹெட்லாம்பின் மாற்று பேட்டரியும் உள்சட்டைப் பையில், உடம்புச் சூட்டில் இருக்கட்டும். வெளிப்பையில் வைத்த கைபேசி பாதி சார்ஜோடு அணைந்துவிடும்.

கூட வருகிறவர் முணுமுணுக்கிறாரா, தடுமாறுகிறாரா, கையுறை கீழே விழுந்தும் எடுக்காமல் நடக்கிறாரா என்று பார்த்துக்கொண்டே இருங்கள். உள்ளுடம்பு 35 டிகிரிக்குக் கீழே போகிறது என்பதற்கு அவைதான் அடையாளம். நடுங்கிக்கொண்டிருந்தவர் சூடேறாமலேயே நடுக்கம் நின்றால் நிலைமை மோசமாகிவிட்டது. அவருக்குத் தன் நிலை தெரியாது. "நான் நல்லாத்தான் இருக்கேன்" என்பார். நம்பக் கூடாது.

நேரக் கணக்குக்கு வருகிறேன். ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892-ல் சொன்ன கணக்கு இன்றைக்கும் புழக்கத்தில் இருக்கிறது: மூன்று மைலுக்கு ஒரு மணி, அதோடு ஏறும் ஒவ்வொரு 2,000 அடிக்கும் இன்னொரு மணி. பாதை கெட்டியாக இருந்தால் பனியிலும் அது ஓரளவு பொருந்தும். வழி போட்டுக்கொண்டே போக வேண்டிய நாளில் அது இரண்டு மடங்காகும், மூன்று மடங்காகவும் ஆகும். குளிர்காலப் பகலோ குறுகியது. அதனால் திரும்பும் நேரத்தை வீட்டிலேயே குறித்துக்கொண்டு, உச்சி அரைமணி தூரத்தில் தெரிந்தாலும் அந்த நேரத்தில் திரும்பிவிட வேண்டும். குறித்த நேரம் வெறும் இருட்டுக்கான கணக்கு மட்டும் இல்லை. ஓடைக்கு மேலே பனி மூடிக் கட்டிய பாலம் காலையில் தாங்கும், மதியம் தாங்காது. அடியில் ஓடை சலசலப்பது காலையில் கேட்காமல் மதியம் கேட்டால், பாலம் மெலிந்துவிட்டது என்று பொருள். வெயில் பட்ட சரிவிலிருந்து சிறு உருண்டைகள் தானாக உருளத் தொடங்கினால், அந்தச் சரிவின் கீழே நிற்கும் நேரம் முடிந்துவிட்டது.

இறங்கும்போது இளகிய சரிவில் குதிகாலை முதலில் ஊன்றி, முழங்காலை லேசாக மடக்கி, உடம்பைப் பின்னால் சாய்க்காமல் நடந்தால் நன்றாகப் பிடிக்கும். ஈரப்பனி கிராம்பானுக்கு அடியில் கட்டியாக ஒட்டிக்கொள்ளும். முள் தரையைத் தொடாமலே போய்விடும். சில அடிக்கு ஒருமுறை கம்பால் காலணியின் பக்கத்தில் தட்டிவிட வேண்டும். கடைசிச் சரிவு முடிந்து பாதை காட்டுக்குள் நுழைகிற இடத்தில் எல்லோருக்கும் முள்ளைக் கழற்றிவிடத் தோன்றும். அங்கேதான் நிழலில் பழைய ஐஸ் கிடக்கும். வெறும் மண் தொடர்ச்சியாகத் தெரிகிற வரை கழற்றாதீர்கள். கீழே வந்து சிக்னல் கிடைத்ததும், காலணியைக் கழற்றுவதற்கு முன்னால், காலையில் யாரிடம் வழியையும் திரும்பும் நேரத்தையும் சொல்லிவிட்டு வந்தீர்களோ அவருக்கு ஒரு செய்தி அனுப்பிவிடுங்கள். சொன்ன நேரம் தாண்டினால் அவர் மீட்புக்குழுவை அழைப்பார். நீங்கள் பத்திரமாக இறங்கிவிட்டது தெரியாமல் யாரோ நாலு பேர் இருட்டில் அந்தச் சரிவுக்கு ஏறக் கூடாது.